முன்னால் போகிறவன் இளிச்சவாயனா?

போன இதழில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வாலிநோக்கத்திலிருந்து ஒரே கவரில் கட்டுக் கேள்வி வந்து இறங்கிவிட்டது. கவரைப் பிரித்தால் மேஜையெல்லாம் மணல். டீக்கடையில் உட்கார்ந்து கூட்டாக எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து ஒருவருடையது, குசும்பு பல பேருடையது. இந்த வாரம் மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்தருள்க.

மூணு வாரம் சைக்கிள் ஓட்டுறது ஒரு சாதனையா? எங்க ஊர்த் திடல்ல ஒருத்தர் ஏழு நாள் கீழே கால் வைக்காம ஓட்டினாரே! (டீக்கடை பெஞ்சின் மூத்த உறுப்பினர்)

அந்த மாதிரி ஒருவரை நானும் பார்த்திருக்கிறேன், பெரியவரே. நடுவில் ஒரு கம்பு, அதில் ஒலிபெருக்கி, சுற்றிலும் கலர் பல்பு. சைக்கிளிலேயே குளியல், சைக்கிளிலேயே சாப்பாடு, சைக்கிளிலேயே சவரம். ராத்திரியானால் ட்யூப்லைட்டை மார்பில் உடைப்பார். சட்டை முழுக்க ஊக்கு குத்திய ரூபாய் நோட்டு. டூர் டி பிரான்ஸ்காரர்கள் நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்களில் சுமார் 3,400 கிலோமீட்டர் போகிறார்கள், நடுவே இரண்டே நாள் ஓய்வு. ஆனால் தினமும் சாயங்காலம் இறங்கி, காலைப் பிடித்துவிட ஆள் வைத்து, மெத்தையில் தூங்குகிறார்கள். தூக்கக் கணக்கில் நம்மவர்தான் சாம்பியன். தூரக் கணக்கில்தான் உதைக்கிறது: ஏழு நாள் ஓட்டியும் அவர் கிளம்பின இடத்திலேயே இருந்தார்.

தினமும் ஒருத்தன் கையைத் தூக்கிக்கிட்டு ஜெயிக்கிறான். கடைசியில கோப்பை வேற ஒருத்தனுக்குப் போகுது. என்ன கணக்கு இது? (கல்லூரி மாணவர்)

அத்தனை நாளும் ஓட்டிய நேரத்தைக் கூட்டுவார்கள். யாருக்குக் குறைவோ அவருக்குக் கோப்பை. அதனால் ஒரு நாள்கூட முதலாவது வராமல் மொத்தப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம். 1990இல் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் ஜெயித்தார், 2017இல் பிரிட்டனின் கிறிஸ் ஃப்ரூம் அப்படித்தான் ஜெயித்தார். எதிர்ப்பக்கம் மார்க் கேவண்டிஷ். டூரில் 35 கட்டங்கள் ஜெயித்து, 2024இல் பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் சாதனையை முறியடித்தவர். கோப்பைக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. மலை வந்தால் அவருக்கு மூச்சு வாங்கும். ஒரு தொகுதியிலும் முதலிடம் வராமல் ஆட்சியைப் பிடிப்பவர் ஒருவர், 35 தொகுதி ஜெயித்தும் எதிர்க்கட்சியில் உட்காருபவர் இன்னொருவர். நமக்கு இது புரியாத விஷயமா?

மஞ்சள் சட்டைக்கு என்ன அர்த்தம்? மங்களகரமா? (ஜவுளிக்கடை ஊழியர்)

விளம்பரகரம். 1903இல் பந்தயத்தைத் தொடங்கியது 'லோட்டோ' என்ற பிரெஞ்சுப் பத்திரிகை. போட்டிப் பத்திரிகையை அடித்துச் சாய்க்கத்தான் இந்த ஏற்பாடு. அது மஞ்சள் தாளில் அச்சானது, 1919இல் முதல்வனுக்கு மஞ்சள் சட்டை வந்தது. இத்தாலியின் 'ஜிரோ'வில் ரோஸ் சட்டை; அதை நடத்திய பத்திரிகையின் தாள் ரோஸ். மலையேறும் சூரனுக்கு வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த சட்டை. மதுரைச் சுங்குடியை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான்.

டி.வி.யில பார்த்தேன் அண்ணே. நூத்தம்பது பேரும் ஒட்டிக்கிட்டே போறான். முன்னால போறவனை எவனும் முந்த மாட்டேங்கிறான். பயமா, மரியாதையா? (சைக்கிளில் மீன் விற்பவர்)

இரண்டும் இல்லை தம்பி, கஞ்சத்தனம்.

ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது ஏர்வாடியிலிருந்து சாயல்குடிப் பக்கம் நீங்கள் கூடையோடு போயிருப்பீர்கள். ரோடு மேற்கே போகிறது, காற்று மேற்கேயிருந்து வருகிறது. அப்போது உங்களை முந்திக்கொண்டு ஒரு லாரி போனால் இரண்டு நிமிஷம் சொர்க்கம், இல்லையா? பெடல் தானாகச் சுற்றும். அந்த லாரி போனதும் மறுபடி நரகம். இந்த விளையாட்டு முழுவதும் அந்த இரண்டு நிமிஷத்தை ஐந்து மணி நேரத்துக்கு இழுப்பதுதான்.

சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது ஒருவன் மிதிக்கிற மிதியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. முன்னால் போகிறவனின் முதுகை ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு பலம் மிச்சம். கூட்டத்தின் நடுவில் புகுந்துகொண்டால் இன்னும் மிச்சம். அதனால் ஜெயிக்க வேண்டியவன் கடைசி நிமிஷம்வரை யாருடைய முதுகையாவது பார்த்துக்கொண்டே வருவான். ஒவ்வொரு அணியிலும் எட்டுப் பேர். அதில் ஏழு பேருக்கு வேலை, ஒருவனுக்குக் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்வது. பின்னால் வரும் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவதும் அவர்கள்தான். தலைவன் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பதும் அவர்கள்தான்.

முன்னால் போகிறவன் இளிச்சவாயன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்தீர்கள். இளிச்சவாயன் இல்லை, சம்பளக்காரன்.

நான் தோஹாவில் வேலை பார்த்தப்போ சைக்கிள் பந்தயம் நடக்கும். மேடே இல்லாத பாலைவனம். அங்கே என்னத்தைப் பெரிசா ஜெயிச்சுட முடியும்? (ஊர் திரும்பியவர்)

நீங்கள் பார்த்தது டூர் ஆஃப் கத்தார், பாய். 2002இலிருந்து 2016வரை நடந்தது. பெல்ஜியத்தின் டாம் போனன் அதை நான்கு முறை ஜெயித்தார். மலை இல்லையே என்று நீங்கள் சொல்கிறீர்கள்; காற்று இருந்தது என்று அவர் சொல்வார்.

எதிர்க்காற்று ஆளைக் களைப்பாக்கும். பக்கக் காற்று கூட்டத்தையே கிழித்துவிடும். உங்கள் ஊர் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, வாடை வடக்கேயிருந்து அடிக்கிறது, நீங்கள் மேற்கே போகிறீர்கள். காற்று வலது கன்னத்தில் அறைகிறது. இப்போது நேர் பின்னால் போனால் மறைவு கிடையாது. முன்னால் போகிறவனுக்கு இடது பின்பக்கம் சாய்வாக ஒதுங்க வேண்டும். அவனுக்கு இடது பின்னால் அடுத்தவன். இப்படியே சாய்வு வரிசை ஒன்று உண்டாகும். மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்களுக்கு வரும் கூழைக்கடாக்கள் வானத்தில் கூரை மாதிரி இரண்டு பக்கமும் இறங்கிப் பறக்குமே, அதில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி ரோட்டில் வைத்த மாதிரி.

வானத்துக்கு ஓரம் கிடையாது, ரோட்டுக்கு உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் சாய்ந்து நின்றதும் இடதுபக்கம் தார் தீர்ந்துவிடும். பதின்மூன்றாவது ஆளுக்கு மறைவும் இல்லை, ரோடும் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் இருப்பது கருவேலம் புதர் மட்டும். அவன் ஒரு சைக்கிள் நீளம் பின்தங்குவான். அவனை நம்பிப் பின்னால் வந்த நூறு பேரும் அவனோடு போச்சு. 2013 டூரில் இப்படித்தான் ஒருநாள் மஞ்சள் சட்டை போட்ட ஃப்ரூம் சமதளத்தில் சும்மா போய்க்கொண்டிருந்தார். எதிரணித் தலைவர் அல்பர்ட்டோ கொண்டடோரின் ஆட்கள் காற்றின் திசை பார்த்து ஒரே மிதியாக மிதித்தார்கள். ஃப்ரூமுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் நஷ்டம்.

இன்னைக்கு இந்த விளையாட்டுல ராஜா யார்? (முடிவெட்டும் கடையில் காத்திருப்பவர்)

ஸ்லோவேனியாவின் டடேய் பொகாச்சர். 2020, 2021, 2024, 2025 என நான்கு டூர். 2024இல் ஜிரோ, டூர், உலக சாம்பியன் பட்டம் மூன்றையும் ஒரே வருஷத்தில் அள்ளினார். அவருக்கு முன் அதைச் செய்த ஆண்கள் இரண்டே பேர், 1974இல் மெர்க்ஸ், 1987இல் ஸ்டீபன் ரோச். ஆனால் உங்கள் ஊர் ஆதரவு வேறு ஒருவருக்குப் போக வேண்டும் என்பது என் சிபாரிசு.

யாருக்கு? ஏன்? (அதே நபர், அடுத்த சீட்டில்)

டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர். 2022, 2023 டூர் இரண்டிலும் பொகாச்சரை மண்ணைக் கவ்வ வைத்தவர், 2025 ஸ்பெயின் பந்தயத்தையும் ஜெயித்தவர். ஆள் ஒல்லி, அதிகம் பேச மாட்டார். இதெல்லாம் காரணமில்லை. பந்தயக்காரராக ஆன புதிதில் ஹன்ஸ்ட்ஹோல்ம் என்ற துறைமுகத்தில் மீன் கம்பெனியில் வேலை பார்த்தார். விடியற்காலையில் எழுந்து ஐஸ் அள்ளிப் போட்டு மீனைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, பகலில் சைக்கிள் பயிற்சி. அந்தக் கடற்கரையும் காற்றுக்குப் பேர்போனது. ஏலக்கூடத்திலிருந்து மஞ்சள் சட்டைக்குப் போனவரை வாலிநோக்கம் விட்டுக்கொடுக்கலாமா?

எங்களை மாதிரி வெயில்ல காய்றானா அவன்? (உப்பளத் தொழிலாளி)

காய்கிறான், ஆனால் உங்களைவிடக் கவனிப்போடு. பந்தயம் ஜூலையில், உங்களுக்கும் பாத்தி வேலை நடக்கிற மாதம்தான். அவன் கறுப்புக் கால்சட்டையில் வெள்ளை வெள்ளையாய்க் கோடு பூத்திருப்பதை டி.வி.யில் பார்க்கலாம், வியர்வை உப்பு. அதை ஈடுகட்ட உப்புக் கலந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் சட்டையில் பூப்பது உடம்பு உப்பா பாத்தி உப்பா என்று பிரித்துச் சொல்ல விஞ்ஞானி வேண்டும்.

வெயில் கெட்ட விளையாட்டும் விளையாடும். 1950இல் அல்ஜீரியாக்காரர் அப்தெல்காதர் ஸாஃப் கூட்டத்தை வெகுதூரம் விட்டுவிட்டு முன்னால் போனார். சூடு தலைக்கேறித் தள்ளாடி விழுந்தார். மரத்தடியில் கிடத்தினார்கள். கண் விழித்ததும் தாவி ஏறி வேகமாக மிதித்தார், வந்த வழியே திரும்பி! ஒயின் வேலை என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. தெளிய வைக்க ஊரார் மேலே ஊற்றிய ஒயினின் வாடைதான் அது என்பார்கள் அவர் பக்கத்து ஆட்கள். நான் அவர் பக்கம். வெயிலில் நின்றவனுக்குத் திசை மறக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

என்னதான் சாப்பிடுறாங்க? (பரோட்டா மாஸ்டர்)

உங்கள் வியாபாரத்துக்கு வழியில்லை மாஸ்டர். சோறு! குழைய வடித்த சோற்றைச் சதுரம் சதுரமாகத் துண்டு போட்டு, காகிதத்தில் மடித்து, சட்டையின் முதுகுப் பையில் வைத்துக்கொண்டு மிதித்தபடியே தின்கிறார்கள். கடினமான மலை நாளில் ஒருவன் 6,000 கலோரிக்கு மேல் எரித்துவிடுகிறான். ராத்திரி மறுபடி சோறு, பாஸ்தா. மூன்று வாரமும் பசிக்காகச் சாப்பிடுவதில்லை, மாமியார் வீட்டு விருந்து மாதிரி, வேண்டாம் என்று சொல்ல முடியாமல் சாப்பிடுகிறார்கள்.

ஒண்ணுக்கு வந்தா? (பெயர் போட வேண்டாம் என்றவர்)

மஞ்சள் சட்டைக்காரர் ஒதுங்கினால் மற்றவர்கள் அந்த நேரம் பார்த்து ஓடிவிடக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒன்றுக்கு உண்டு, இரண்டுக்கு இல்லை! 2017 ஜிரோவில் முதலிடத்தில் இருந்த டாம் டூமோலன் மலையடிவாரத்தில் வயிறு கலங்கி, சைக்கிளைப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிப் பள்ளத்தில் உட்கார்ந்தார். கேமரா அதையும் உலகத்துக்குக் காட்டியது. அன்று இரண்டு நிமிஷத்துக்கு மேல் இழந்தார். கடைசியில் 31 நொடியில் பந்தயத்தை ஜெயித்தார். அந்தப் பள்ளத்தில் இன்னும் அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருந்தால்...

வழியில சைக்கிள் உடைஞ்சா எங்களை மாதிரி மெக்கானிக் உண்டா? (சைக்கிள் கடை, 30 வருஷ சர்வீஸ்)

இப்போது கார் நிறைய மெக்கானிக். பஞ்சர் ஒட்டும் பேச்சே இல்லை, பத்து நொடியில் சக்கரத்தையே மாற்றிவிடுவார்கள். உங்களுக்குப் பிடித்தது 1913ஆம் வருஷத்துக் கதையாகத்தான் இருக்கும்.

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு என்ன ஆனாலும் ஓட்டுகிறவனே சரிசெய்துகொள்ள வேண்டும், பிறர் கை படக் கூடாது. பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயை விட்டு இறங்கும்போது யூஜென் கிறிஸ்டோஃப் என்பவரின் முன் ஃபோர்க் முறிந்தது. ஃபோர்க் முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெயிக்கும் வாய்ப்பில் முன்னணியில் இருந்த ஆள். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துப் பதினாலு கிலோமீட்டர் மலை இறங்கினார். கண்ணில் பட்ட முதல் கொல்லுப்பட்டறைக்குள் நுழைந்தார். கொல்லர் உதவ வந்தபோது பின்தொடர்ந்து வந்த நடுவர்கள் தடுத்தார்கள். கொல்லர் வாயால் வழி சொல்லலாம், கையால் தொடக் கூடாது. கிறிஸ்டோஃபே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஃபோர்க்கைப் பொருத்தினார். மணிக்கணக்கில் போயிற்று. நடுவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

முடித்துக் கிளம்பும்போது அபராதம் போட்டார்கள். ஏன்? சுத்தியலுக்கும் இடுக்கிக்கும் இரண்டு கை போனதால் துருத்தியை ஊத ஒரு சின்னப் பையனைச் சொன்னாராம். அது பிறர் உதவி!

அந்த நடுவர்களை உங்கள் கடைக்கு அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். அச்சிடத் தகுந்த வார்த்தையாக இருக்கட்டும்.

எங்க ரோட்டுல கருவேல முள் இருக்கு. அங்கே? (அதே கடையில் வேலை கற்கும் பையன்)

1904இல் ஆணி இருந்தது. தங்கள் ஊர்க்காரன் ஜெயிக்க வேண்டும் என்று ரசிகர்களே ரோட்டில் தூவினார்கள். சில ஓட்டுநர்கள் ரயிலில் போனதாகப் புகார் வேறு. விசாரித்ததில் முதல் நான்கு இடம் வந்தவர்களையும் தூக்கிவிட்டார்கள். அதில் முதல் வருஷச் சாம்பியன் மொரீஸ் காரினும் ஒருவர்.

அப்போ ஏமாத்து வேலை அன்னையிலிருந்தே உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஆரம்பப் பாடமே அதுதான் ஐயா. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு டூர் ஜெயித்தார். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் ஏழும் பறிபோயின. இரண்டாவது வந்தவருக்குக் கொடுக்கலாமே என்று பார்த்தால், அந்தக் காலத்தில் மேடையேறிய பலர் கையிலும் கறை. ஏழு வருஷத்துக்கும் சாம்பியன் பெயர் இருந்த இடம் காலி. 2016இல் பெல்ஜியத்து இளம் வீராங்கனை ஒருவரின் சைக்கிளுக்குள் குட்டி மோட்டாரே ஒளிந்திருந்தது. ஆறு வருஷத் தடை. மோட்டார் வேண்டுமென்றால் டி.வி.எஸ். 50 வாங்கியிருக்கலாம், கேரியராவது இருந்திருக்கும்.

பொம்பளைப் பிள்ளைங்களுக்கு டூர் டி பிரான்ஸ் உண்டா ஐயா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

உண்டு கண்ணு. 1980களில் சில வருஷம் நடத்திக் கைவிட்டார்கள். 2022இலிருந்து புதிதாகத் தொடங்கி இப்போது பல நாள் பந்தயமாக நடக்கிறது. 2024இல் போலந்தின் கசியா நியெவியாடோமா ஜெயித்தார். வித்தியாசம் 4 நொடி. ஒரு வாரம் ஓட்டி நாலே நொடி! நீ சடையில் ரிப்பன் கட்டுகிற நேரம்கூட இல்லை.

இதற்கெல்லாம் பாட்டி ஒருத்தி உண்டு. அல்ஃபொன்சினா ஸ்ட்ராடா, இத்தாலி. 1924இல் ஆண்களின் ஜிரோவில் சேர்ந்துவிட்டாள். ஒருநாள் மழைக்காற்றில் விழுந்து ஹேண்டில்பார் உடைந்தது. விளக்குமாற்றுக் கட்டையைச் சொருகிக் கட்டிக்கொண்டு ஓட்டினாள்! நேரம் தாண்டிவிட்டதென்று கணக்கிலிருந்து நீக்கினார்கள். கணக்கில் இல்லாவிட்டால் என்ன என்று மிலான்வரை ஓட்டி முடித்தாள். கிளம்பிய ஆண்களில் பெரும்பாலோர் வழியிலேயே நின்றுபோயிருந்தார்கள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் அரசு நடத்தும் சைக்கிள் போட்டி இராமநாதபுரத்திலும் நடக்கும். உன் வயதுப் பெண்களுக்கு 15 கிலோமீட்டர், பையன்களுக்கு 20. சாதாரண இந்திய சைக்கிள் போதும், பள்ளியில் தருகிற சைக்கிளே ஓடும். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயலில் நின்ற பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கேலி பேசியவர்களைத் தாண்டித்தான் ஓட்டினார்கள். உனக்கு அந்த ஐந்து கிலோமீட்டர் ஏன் குறைச்சல் என்று போட்டி நடத்துகிறவர்களைக் கேள். நான் கேட்டால் பதில் வராது.

கடைசியா வர்றவனுக்கு என்ன மரியாதை? (பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர்)

ஏகப்பட்ட மரியாதை. அவனுக்குப் பெயரே 'சிவப்பு லாந்தர்'. ராமேஸ்வரம் ரயிலின் கடைசிப் பெட்டி முதுகில் சிவப்பு விளக்கு தொங்குமே, அதைப் பார்த்தால்தான் ரயில் முழுசாகப் போய்விட்டது என்று தெரியும். அதே அர்த்தம். கடைசிக்கு முந்தினவன் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. லாந்தர் ஊர் ஊராகக் கொண்டாடப்படுவான். பெல்ஜியத்தின் விம் வான்செவனண்ட் 2006, 2007, 2008 என மூன்று தடவை தொடர்ந்து லாந்தர். ஹாட்ரிக்!

சும்மா கடைசியாக வந்துவிடவும் முடியாது. முதல்வன் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து ஒரு கெடு உண்டு, தாண்டினால் மறுநாள் வீடு. 2014இல் சீனாவிலிருந்து முதல்முதலாக டூருக்கு வந்த ஜி செங்கும் லாந்தர்தான். முதல்வனைவிட 6 மணி நேரத்துக்கும் மேல் பின்னால். ஆனால் அந்த மனிதர் நாள் முழுக்கக் கூட்டத்துக்கு முன்னால் நின்று தனியாளாகக் காற்றை வாங்கி, தன் அணியின் வேகக்காரன் ஜெயிக்க வழிவிட்டுத்தான் மலையில் பின்தங்கினார். கணக்கில் தவறியதற்கு உங்களிடமும் இந்த மாதிரி ஒரு காரணம் இருக்கிறதா?

நம்ம ஆள் யாராவது? (பலர் கையெழுத்து)

டூர் டி பிரான்ஸில் இந்தியர் ஒருவரும் இதுவரை ஓட்டியதில்லை. உலக சைக்கிள் சங்கத்தின் பட்டியலில் இடம்பெற்ற பல நாள் பந்தயமே 2026 ஜனவரியில்தான் இங்கே வந்தது: புணே கிராண்ட் டூர், மலையும் மேடுமாக 437 கிலோமீட்டர். அதுவரை நமக்கு இருந்தது டூர் ஆஃப் நீலகிரீஸ் மாதிரி ஆர்வலர்களின் பயணங்கள். 2008இல் தொடங்கியது அது; மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மலைக்கு இங்கே பஞ்சமில்லை. பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் துயேசில் 21 வளைவு; நம் கொல்லிமலையில் 70. வளைவை எண்ணித்தான் கோப்பை என்றால் நாமக்கல்லுக்கு எப்போதோ வந்திருக்கும்.

எங்க மாவட்டத்துல ஒரு கட்டம் நடத்தினா எந்த ரூட்டு? (ஊராட்சியில் செல்வாக்கு உள்ளவர்)

தூத்துக்குடியில் கொடியசைத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, உங்கள் முக்கு ரோடு, ஏர்வாடி, கீழக்கரை, பாம்பன், ராமேஸ்வரம், முடிவு அரிச்சல்முனை. ஒரே மேடு பாம்பன் சாலைப் பாலம். 1988இல் திறந்த அந்தப் பாலத்துக்கு 'மலை ராஜா' புள்ளி கொடுத்தே தீர வேண்டும், சுங்குடிச் சட்டையை வேறு எங்கே போடுவது? ஆனால் பந்தயத்தை முடிவு செய்வது தனுஷ்கோடி ரோடு. இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பிரான்ஸில் 'பசாஜ் து குவா' என்று ஒரு ரோடு, நாலு கிலோமீட்டருக்கு மேல், கடல் ஏறினால் முழுகிவிடும், வற்றினால் வெளியே வரும். 1999இல் அதன்மேல் பந்தயத்தை விட்டார்கள். பாசி வழுக்கிக் கும்பலாக விழுந்தார்கள். பின்னால் மாட்டிக்கொண்ட சுவிஸ்காரர் அலெக்ஸ் ஸூலே அன்று ஒரே நாளில் ஆறு நிமிஷத்துக்கு மேல் இழந்தார். கடைசியில் இரண்டாம் இடம், ஏழரை நிமிஷ வித்தியாசம். நாலு கிலோமீட்டர் பாசி தின்றது போக மூன்று வாரமும் அவர் மற்றபடி சரியாகத்தான் ஓட்டினார்.

மாட்டு வண்டிப் பந்தயத்தைவிட இது ஒசத்தியா? (சாயல்குடிப் பக்கம், பெரிய மாடு வைத்திருப்பவர்)

ஒப்பிட்டால் அடிப்பீர்கள், ஒப்பிடாவிட்டால் கோபிப்பீர்கள். இரண்டுக்கும் ரோட்டை மறிக்க வேண்டும், பின்னாலேயே நூறு பைக் அலறிக்கொண்டு வரும், ஓரத்தில் நிற்கிறவனுக்கு மூணு நொடி தரிசனம், அதைப் பற்றி மூணு மாசம் பேச்சு. உங்களிடம் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்துவிடுவீர்கள். அங்கே எல்லாத் தரத்தையும் ஒரே ரோட்டில் விட்டுவிட்டு, பூஞ்சிட்டு பெரிய மாட்டுக்குத் தண்ணீர் சுமக்கும்.

ஒரே அணிக்குள்ள துரோகம் உண்டா? (அரசியல் ஆர்வலர்)

1985இல் பெர்னார் இனோ ஜெயிக்க லெமாண்ட் உழைத்தார். அடுத்த வருஷம் உனக்கு நான் உழைப்பேன் என்று இனோ வாக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் வந்தது. இனோ தினமும் முன்னால் பாய்ந்தார். கேட்டால், உன் எதிரிகளைக் களைப்பாக்குகிறேன் என்றார். லெமாண்ட் எப்படியோ ஜெயித்தார். நடுவில் ஒரு மலை உச்சியில் இருவரும் கைகோத்துச் சிரித்தபடி கோட்டைத் தாண்டும் படம் இருக்கிறது. கூட்டணித் தலைவர்கள் மேடையில் கையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படம் எது பார்த்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

பரிசு எவ்வளவு? (சீட்டுப் பிடிப்பவர்)

டூரில் முதல்வனுக்கு 5 லட்சம் யூரோ, நம் கணக்கில் சுமார் ஐந்து கோடி. அதையும் அணியாளர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம். 2025 ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்துக்குப் போன விலை 27 கோடி. காற்றும் மலையும் வேண்டாம், மட்டை போதும் என்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் முடிவெடுப்பதில் தப்பே சொல்ல முடியாது.

எங்க தொழிலுக்கு அங்கே வேலை உண்டா? (முடிவெட்டும் கடைக்காரர்)

முதலாவது, எல்லோரும் காலில் முடியை வழித்துக்கொள்கிறார்கள். விழுந்தால் புண்ணைக் கழுவிக் கட்டவும், காலைப் பிடித்துவிடவும் வசதி. இரண்டாவது, 1989. கடைசி நாள். லோரான் ஃபின்யோன் 50 நொடி முன்னிலையில் இருந்தார். மிச்சம் 24.5 கிலோமீட்டர், தனித்தனியாக ஓட்ட வேண்டும், ஒளிந்துகொள்ள யார் முதுகும் கிடையாது. லெமாண்ட் காற்றைக் கிழிக்கும் தலைக்கவசமும், கையை முன்னால் குவித்து நீட்டிக்கொள்ளும் புதுமாதிரி ஹேண்டில்பாரும் வைத்திருந்தார். ஃபின்யோன் தலைக்கவசம் இல்லாமல், தங்க நிறக் குடுமி காற்றில் ஆட ஓட்டினார். மூன்று வாரம், 3,285 கிலோமீட்டர் ஓட்டி 8 நொடியில் தோற்றார். டூர் சரித்திரத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம். அந்தக் குடுமியை வெட்டியிருந்தால் ஜெயித்திருப்பார் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. உங்கள் கத்திரிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? கடையில் அவர் படத்தை மாட்டுங்கள்.

நீங்க சைக்கிள் ஓட்டினதுண்டா, இல்லை பேச்சு மட்டுமா? (எல்லோரும்)

உங்கள் ஊருக்கே ஓட்டி வந்திருக்கிறேன். முக்கு ரோட்டில் இறங்கி, வாடகை சைக்கிள் ஒன்றைப் பிடித்து, ஆடிக் கச்சானில் ஊரைப் பார்த்து மிதித்தேன். மிதித்ததில் பாதி பின்னால் போயிற்று. அப்போது மீன் பெட்டி கட்டிய டி.வி.எஸ். 50 ஒன்று மெதுவாக முந்தியது. விடுவேனா? அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். மூக்குக்குத் தண்டனைதான், காலுக்குச் சுகம். ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். வண்டிக்காரர் இரண்டு மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஓரங்கட்டி நிறுத்தி, பெட்டி மூடியைத் திறந்தார்.

"இவ்வளவு தூரம் விரட்டிக்கிட்டு வர்றீங்க, என்ன மீன் வேணும்?"

அரைக் கிலோ நகரை வாங்கினேன்.